விரல் ரேகைக்குக் கணக்குப் போட்டவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்று ஓர் ஊர். இரணியலுக்குப் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியால் பெயர் பெற்ற ஊர்.

அங்கே ஒரு ரேஷன் கடை. வரிசை நீண்டு நிற்கிறது. ஒரு பாட்டி முன்னால் வருகிறார். கார்டை நீட்டுகிறார். கடைக்காரர் ஒரு சின்னக் கருவியைப் பாட்டியின் பக்கம் திருப்புகிறார். பாட்டி பெருவிரலை அதன்மேல் வைக்கிறார். ஒரு நொடி. பெயர் தெரிகிறது. அரிசி நிறுக்கப்படுகிறது.

பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஒரு காலத்தில் அவரைக் கைநாட்டு என்று கேலி செய்தவர்கள் உண்டு. பத்திர ஆபீசில் மை தடவி விரலை உருட்டியபோது கூனிக் குறுகி நின்றிருப்பார்.

இன்று நிலைமை என்ன? பட்டம் பெற்ற பேரனும் விரலை வைத்துத்தான் கைபேசியைத் திறக்கிறான். பல ஆபீஸ்களில் அதிகாரியும் விரலை வைத்துத்தான் உள்ளே போகிறார். பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டரும் விரலைக் கண்டால் வழி விடுகிறது. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் கைநாட்டு ஆகிவிட்டார்கள்!

ரேகையைப் பார்த்து ஆளைச் சொல்லும் இந்த வித்தை எங்கே வளர்ந்தது தெரியுமா? லண்டன் போலீசார் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது கல்கத்தாவில் வளர்ந்தது. அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒரு வங்காள வாலிபர். சாதாரண போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்.

அவர் பெயர் காஜி அசிசுல் ஹக்.

ஓடிப்போன சிறுவன்

அசிசுல் ஹக் 1872-ம் ஆண்டு பிறந்தார். ஊர் பைக்ராம் கஸ்பா. வங்காளத்தின் குல்னா ஜில்லாவில் இருந்தது. இப்போது அது வங்காள தேசத்தைச் சேர்ந்தது.

அது ஆறுகள் நிறைந்த பூமி. எங்கே போனாலும் படகில்தான் போகவேண்டும். ஒரு நாள் படகு விபத்து நடந்தது. ஹக்கின் தாயும் தந்தையும் இறந்துபோனார்கள். சிறுவன் அநாதை ஆனான்.

குடும்பப் பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. வீட்டில் வறுமை. எல்லாருக்கும் அளந்துதான் சோறு. ஆனால் தம்பிக்கோ நல்ல பசி! தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு அண்ணன் பங்கிலும் கை வைத்தான் என்று அவனைப்பற்றி ஒரு கதை சொல்வார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்தது. அடித்துவிட்டார்.

சிறுவன் ரோஷக்காரன். வீட்டைவிட்டு ஓடினான். அப்போது வயது 12.

ரெயில் ஏறிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தான். அவ்வளவு பெரிய பட்டணத்தில் அவனுக்கு யாரையும் தெரியாது. நடந்து நடந்து கால் ஓய்ந்தது. ஒரு வீட்டு வாசலில் படுத்துத் தூங்கிவிட்டான்.

அந்த வீட்டுக்காரர் நல்லவர். சிறுவனை விரட்டவில்லை. எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியார் வந்து பாடம் சொல்லிக் கொடுப்பார். எடுபிடிப் பையன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பான். வீட்டுப் பிள்ளைகள் கணக்குக்கு விடை தெரியாமல் விழிக்கும்போது இவனுக்கு விடை தெரிந்துவிடும். வாத்தியார் இதைக் கண்டுகொண்டார். வீட்டுக்காரரிடம் சொன்னார். பையனைப் படிக்கவைத்தார்கள்.

பிறகு என்ன? படிப்படியாக ஏறினான். வாசலில் படுத்துக் கிடந்த பையன் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் மாணவன் ஆனான். கணக்கில் அவன் புலி.

அளவு நாடா போலீஸ்

அப்போது வங்காள போலீஸ் இலாகாவுக்குத் தலைவராக இருந்தவர் எட்வர்டு ஹென்றி என்ற வெள்ளைக்காரர். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது.

ஒரு திருடன் பிடிபடுவான். ஜெயிலுக்குப் போய் வருவான். வேறு ஊரில் மீண்டும் திருடுவான். அங்கே பிடிபட்டால் வேறு பெயரைச் சொல்வான். இதுதான் முதல் தடவை என்று அழுவான். பழைய கேடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரான்சு நாட்டில் பெர்த்தியோன் என்பவர் ஒரு வழி கண்டிருந்தார். கைதியின் உடம்பை அளப்பது! தலையின் நீளம், அகலம், நடுவிரலின் நீளம், பாதத்தின் நீளம் என்று 11 அளவுகள். இத்தனை அளவும் இரண்டு பேருக்கு ஒத்துப்போகாது என்பது அவர் கணக்கு.

ஹென்றி அந்த முறையை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். அளவுகளை வைத்துக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். கணக்கில் கெட்டிக்கார மாணவன் ஒருவனைத் தரும்படி மாகாணக் கல்லூரி முதல்வரைக் கேட்டார். முதல்வர் அசிசுல் ஹக்கின் பெயரைச் சொன்னார். 1892-ல் ஹக் போலீசில் சேர்ந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வேலை.

அளவு முறையில் இருந்த கோளாறு ஹக்குக்குச் சீக்கிரமே புரிந்தது. ஒரே கைதியை இரண்டு போலீஸ்காரர்கள் அளந்தால் இரண்டு அளவு வரும். ஒருவர் கருவியை இறுக்கிப் பிடிப்பார். மற்றொருவர் தளர்த்திப் பிடிப்பார். அரை அங்குலம் கூட வேண்டாம். நூலளவு மாறினாலும் ஆள் மாறிவிடுவான். வாலிபப் பையன் வளர்ந்துவிட்டாலோ பழைய அளவு குப்பைக்குத்தான் போகவேண்டும்.

அளவுச் சீட்டில் ஓரமாகப் பெருவிரல் ரேகையும் பதிந்திருந்தது. அது மட்டும் மாறவில்லை.

மாறாத ரேகை

விரல் ரேகை விஷயத்தை ஹக்கோ ஹென்றியோ முதன்முதலாகக் கண்டுபிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும்.

1858-ம் ஆண்டு வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ரோடு போடச் சரளை தருவதாக ராஜ்யதர் கோனாய் என்பவர் ஒப்பந்தம் எழுதினார். பிற்பாடு அவர் வாக்கு மாறிவிடுவாரோ என்று ஹெர்ஷலுக்குச் சந்தேகம். ஒப்பந்தத்தில் அவருடைய முழு உள்ளங்கையையும் மை தடவிப் பதிய வைத்தார். விளையாட்டுப் போலத் தொடங்கிய காரியம்!

ஹெர்ஷல் அதை விடவில்லை. பல வருஷம் ரேகைகளைச் சேர்த்தார். 1877-ல் ஹூக்ளியில் இருந்தபோது பென்சன் வாங்குகிறவர்களிடம் விரல் ரேகை வாங்கினார். இறந்துபோனவர் பெயரைச் சொல்லிப் பென்சன் வாங்கும் மோசடி உண்டு அல்லவா? அதைத் தடுக்கத்தான். பத்திரப் பதிவிலும் ரேகை வாங்கினார். நெய்யூர் ரேஷன் கடையில் பாட்டி விரலை வைக்கிறாரே, அதற்கு அடிப்படை ஹூக்ளியில் போட்டதுதான்.

நெய்யூரில் 1838-ல் மிஷன் வைத்தியம் தொடங்கியது. அதைப்போல ஜப்பானில் டோக்கியோ நகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியை ஹென்றி ஃபால்ட்ஸ் என்ற டாக்டர் நடத்தினார். (இவர் வேறு ஹென்றி.) ஒரு வீட்டில் திருடு போயிற்று. சுவரில் கரி படிந்த கைத்தடம் இருந்தது. போலீசார் ஒருவனைப் பிடித்தார்கள். டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்தார். தடம் அவனுடையது அல்ல என்று காட்டினார். குற்றம் செய்யாதவன் தப்பினான். விரல் ரேகையால் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று 1880-ல் ஃபால்ட்ஸ் எழுதினார்.

பிறகு லண்டனில் கால்டன் என்ற அறிஞர் 1892-ல் இதைப்பற்றிப் புத்தகமே எழுதினார். ஒருவர் ரேகை இன்னொருவருக்கு இராது என்று கணக்குக் காட்டினார்.

இப்படி மூன்று பேர் வழி போட்டாகிவிட்டது. ஆனால் ஒரு பெரிய முடிச்சு அவிழாமலே இருந்தது.

இவர்தானா அவர் என்று கேட்டால் விடை சுலபம். பத்திரத்தில் இருக்கும் ரேகையையும் எதிரில் நிற்பவர் ரேகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இவர் யார் என்று கேட்டால்? ஒரு லட்சம் பேருடைய ரேகைச் சீட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. பிடிபட்டவன் பொய்ப் பெயர் சொல்கிறான். அந்த லட்சத்தில் அவன் சீட்டு எது? ஒவ்வொன்றாகப் பார்த்தால் மாதக் கணக்கில் ஆகும். பெயரை அகர வரிசையில் அடுக்கலாம். ரேகையை எந்த வரிசையில் அடுக்குவது?

இந்த முடிச்சைத்தான் அசிசுல் ஹக் அவிழ்த்தார்.

சங்கும் சக்கரமும்

நம் ஊர்ப் பிள்ளைகள் விரலைப் பார்த்து எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணி விளையாடுவது உண்டு. அந்த விளையாட்டு தெரிந்தவர்களுக்கு ஹக்கின் கணக்கு உடனே புரியும்.

விரல் நுனியில் கோடுகள் வட்டமாகச் சுழன்றிருந்தால் சக்கரம். ஒரு பக்கமிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் சங்கு. வில் போல மேடாக வளைந்து மறுபக்கம் போய்விட்டால் வில். பெரும்பாலான விரல்களில் சங்குதான் இருக்கும். சக்கரம் அதற்கு அடுத்தபடி. வில் மிகவும் அபூர்வம்.

ஹக் ஒன்று செய்தார். எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். இந்த விரலில் சக்கரம் உண்டா, இல்லையா?

ஒரு விரலுக்கு விடை இரண்டு. உண்டு அல்லது இல்லை. இரண்டு விரலுக்கு நான்கு விதம். மூன்று விரலுக்கு எட்டு. இப்படியே இரட்டித்துக்கொண்டு போங்கள். பத்து விரலுக்கு 1,024 விதம் வரும்!

அதாவது உலகத்தில் உள்ள அத்தனை மனிதர்களையும் 1,024 வகையாகப் பிரித்துவிடலாம். அலமாரியில் 32 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 32 அறை. மொத்தம் 1,024 அறைகள். யாருடைய சீட்டு எந்த அறையில் போகவேண்டும் என்று விரல்களே சொல்லிவிடும்.

எப்படிச் சொல்லும்? பத்து விரல்களையும் ஐந்து ஜோடியாக ஹக் பிரித்தார். வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு ஜோடி. அவற்றில் சக்கரம் இருந்தால் விரலுக்கு 16. அடுத்தது வலது நடுவிரலும் மோதிர விரலும். அவற்றுக்கு 8. வலது சுண்டுவிரலும் இடது பெருவிரலும் 4. இடது ஆள்காட்டியும் நடுவிரலும் 2. இடது மோதிர விரலும் சுண்டுவிரலும் 1. சக்கரம் இல்லாத விரலுக்கு ஒன்றுமில்லை.

ஜோடியில் முதல் விரலின் எண் கீழே. இரண்டாவது விரலின் எண் மேலே. பள்ளிக்கூடத்தில் பின்னம் எழுதுவது போலத்தான். தனித்தனியே கூட்டிக்கொண்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் சேர்க்கவேண்டும். பூஜ்யம் என்று ஓர் அறை இல்லாமல் இருக்கத்தான் இந்த ஒன்று.

ஓர் ஆளுக்கு வலது பெருவிரலிலும் இடது மோதிர விரலிலும் மட்டும் சக்கரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ஜோடியில் முதல் விரல். ஆகவே கீழே 16-ம் 1-ம் சேர்ந்து 17. ஒன்றைச் சேர்த்தால் 18. மேலே ஒன்றுமில்லை. ஒன்றைச் சேர்த்தால் 1. அவர் சீட்டு 1/18 என்ற அறையில் இருக்கும். சக்கரமே இல்லாதவர் 1/1. பத்து விரலும் சக்கரம் என்றால் 32/32. நீங்களே உங்கள் விரலைப் பார்த்து எண் கண்டுபிடிக்கலாம்!

லட்சம் சீட்டில் தேடவேண்டியது போய், ஓர் அறையில் தேடினால் போதும் என்று ஆயிற்று. சக்கரம் இல்லாதவர்களும் குறைவாக உள்ளவர்களும் அதிகம். ஆகவே சில அறைகள் நிரம்பி வழியும். அந்த அறைகளை மேலும் சிறு பிரிவுகளாகப் பிரிக்க ஹேம் சந்திர போஸ் என்ற இன்னொரு வங்காளி சப்-இன்ஸ்பெக்டர் வழி செய்தார். ரேகையைத் தந்தியில் அனுப்பும் சங்கேத முறையையும் பின்னாளில் அவரே அமைத்தார்.

இந்தக் கணக்கை ஹக் எத்தனை தடவை விளக்கியும் ஹென்றிக்குப் புரியவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தில் வேறு கதை சொன்னார்கள். ஹென்றி ரெயிலில் போய்க்கொண்டிருந்தாராம். திடீரென்று யோசனை உதித்ததாம். காகிதம் இல்லாததால் சட்டைக் கையிலேயே கணக்கை எழுதிக்கொண்டாராம்!

எது உண்மை என்பது பின்னால் ஹென்றியின் கையாலேயே வெளிவந்தது.

ரத்தக்கறை படிந்த பஞ்சாங்கம்

1897-ல் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. நில அளவை இலாகாத் தலைவரும் மாகாணக் கல்லூரி முதல்வரும் அதில் இருந்தார்கள். அலமாரியைச் சோதித்தார்கள். கேட்ட சீட்டு சட்டென்று கிடைத்தது. உடம்பை அளப்பதைவிட இதுவே மேல் என்று கமிட்டி எழுதியது.

அந்த வருஷம் ஜூன் மாதம் 12-ந்தேதி கல்கத்தாவில் விரல் ரேகை நிலையம் திறக்கப்பட்டது. விரல் ரேகைக்காக முழுமையாக இயங்கிய நிலையங்களில் உலகிலேயே மிகப் பழையது அது.

நிலையம் திறந்து சில மாதம்கூட ஆகவில்லை. ஒரு பயங்கரக் கொலை நடந்தது.

ஜல்பைகுரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதற்கு ஒரு மானேஜர் இருந்தார். ஒருநாள் காலையில் அவர் படுக்கையில் பிணமாகக் கிடந்தார். கழுத்து அறுபட்டிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. பணத்தைக் காணோம்.

பலபேர்மீது சந்தேகம் எழுந்தது. சமையற்காரன் துணியில் ரத்தக்கறை இருந்தது. தோட்டத் தொழிலாளரிலும் அவருக்கு வேண்டாதவர்கள் உண்டு. அந்தப் பக்கம் ஒரு நாடோடிக் கூட்டமும் தங்கியிருந்தது. யாரைப் பிடிப்பது?

பெட்டிக்குள் ஒரு வங்காளப் பஞ்சாங்கம் இருந்தது. அதன் அட்டையில் பழுப்பு நிறத்தில் மங்கலான கறை. உற்றுப் பார்த்தார்கள். விரல் ரேகை!

பஞ்சாங்கம் கல்கத்தாவுக்குப் போயிற்று. அலமாரியில் தேடினார்கள். சீட்டு கிடைத்தது. அது காங்காலி சரண் என்பவனுடைய வலது பெருவிரல். முன்பு அதே மானேஜரிடம் வேலை பார்த்தவன். திருட்டுக்காக ஜெயிலுக்குப் போனவன். விடுதலையாகி வந்தவன்.

பல நூறு மைல் தள்ளி அவனைப் பிடித்தார்கள். மறுபடியும் ரேகை எடுத்தார்கள். அச்சாக ஒத்திருந்தது.

1898-ல் வழக்கு நடந்தது. இங்கேதான் நீதிபதியின் நிதானத்தைப் பார்க்கவேண்டும். பெட்டியைத் திறந்து திருடியவன் இவன் என்பதற்கு ரேகை சாட்சி. ஆனால் கொலை செய்ததைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆகவே திருட்டுக்குத் தண்டனை. கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. ரேகை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது முதல் வழக்கிலேயே தெளிவாகிவிட்டது.

1899-ல் சாட்சியச் சட்டத்தைத் திருத்தினார்கள். விரல் ரேகை நிபுணரின் கருத்தைக் கோர்ட்டில் ஏற்கலாம் என்று ஆயிற்று.

யாருடைய பெயர்?

1900-ல் ஹென்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். விரல் ரேகைகளை வகைப்படுத்தும் முறை அதில் விளக்கமாக இருந்தது. ஹக்கின் பெயர் இல்லை. போஸின் பெயரும் இல்லை.

1901-ல் ஹென்றி லண்டன் போலீசுக்கு மாற்றப்பட்டார். அந்த வருஷமே அங்கே விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. 1903-ல் லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார். சர் பட்டமும் வந்தது. கல்கத்தா அலமாரி உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவிலும் அதை விரிவாக்கி எடுத்துக்கொண்டார்கள். எங்கே போனாலும் அதற்கு ஒரே பெயர்தான்: ஹென்றி முறை.

அசிசுல் ஹக்? அவர் இங்கேயே போலீஸ் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். 1912-ல் பீகார் வங்காளத்திலிருந்து பிரிந்தது. ஹக் பீகார் போலீசுக்குப் போனார். 1913-ல் கான் சாகிப் பட்டம் கிடைத்தது. 1924-ல் கான் பகதூர் பட்டம் கிடைத்தது. நல்ல பட்டங்கள்தான். ஆனால் முறைக்குப் பெயர் ஹென்றியுடையதாகவே இருந்தது.

ரேகை யாருடையது என்று சொல்ல வழி கண்டவருக்கு, அந்த வழி தன்னுடையது என்று சொல்ல வழி இல்லை!

ஹக் சும்மா இருந்துவிடவில்லை. தன் உழைப்பைக் கவனிக்கவேண்டும் என்று சர்க்காருக்கு விண்ணப்பம் செய்தார். பீகார் சர்க்கார் பழைய சங்கதிகளை விசாரித்தது. ஹக் மாதக்கணக்கில் சோதனை செய்து முதல் வகைப்பாட்டை உருவாக்கினார், அதைப் பார்த்த பிறகே ஹென்றிக்கு நம்பிக்கை பிறந்தது என்று குறிப்பு எழுதியது.

லண்டனில் இருந்த ஹென்றியையும் கேட்டார்கள். அப்போது அவர் ஓய்வு பெற்ற கிழவர். 1926-ல் பதில் எழுதினார். தன்னிடம் வேலை பார்த்தவர்களில் மற்ற எவரையும்விட அதிகமாக இந்த முறைக்கு உதவியவர் ஹக்தான் என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் வெளிவந்து 26 வருஷம் கழித்து!

ஹென்றியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு ஆராய்ச்சி செய்ய நேரமும் இடமும் கொடுத்தவர் அவர். மேலிடத்தில் வாதாடி முறையை ஏற்கச் செய்தவரும் அவரே. அவர் இல்லாவிட்டால் ஹக்கின் கணக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போயிருக்கும். ஆனால் அந்த 1900-ம் வருஷப் புத்தகத்தில் ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

ஹக்குக்கும் போஸுக்கும் சர்க்கார் தலைக்கு 5,000 ரூபாய் வெகுமதி கொடுத்தது.

ஓய்வு பெற்றபின் ஹக் பீகாரில் மோத்திகாரி என்ற ஊரில் குடியிருந்தார். 1917-ல் சம்பாரண் விவசாயிகளுக்காகக் காந்திஜி கோர்ட்டில் நின்றது அந்த ஊரில்தான். அங்கேயே 1935-ல் ஹக் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

2005-ல் டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த சோதி, கவுர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டி இந்தக் கதையை விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். இங்கிலாந்தின் விரல் ரேகை நிபுணர் சங்கம் ஆராய்ச்சிப் பரிசு ஒன்றுக்கு ஹக், போஸ் இருவர் பெயரையும் வைத்தது.

பூட்டும் சாவியும்

ஹக் காலத்தில் சீட்டைத் தேடியவர் குமாஸ்தா. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கண் வலிக்க வலிக்கப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அது கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. அந்த இடங்களை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை விரல் வரும்போது எண்களை ஒத்துப் பார்க்கிறது. ஒத்தால் கதவு திறக்கும்.

ரகசியச் சொல்லை மறந்துவிடலாம். அடுத்தவர் எட்டிப் பார்த்துவிடலாம். விரலை யாரும் மறந்து வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. தாய் வயிற்றிலேயே உருவாகும் ரேகை கடைசிவரை கூடவே வருகிறது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை வேறு வேறு. ஆகவேதான் கம்ப்யூட்டர்காரர்களுக்கு விரல்மேல் இவ்வளவு ஆசை.

குரலையும் சாவியாக்கப் பார்த்தார்கள். 1962-ல் அமெரிக்காவில் கெர்ஸ்டா என்ற விஞ்ஞானி குரலைப் படமாக்கி, அதுவும் ரேகை போலத்தான் என்றார். ஆனால் குரல் ரேகை அல்ல. ஜலதோஷம் பிடித்தால் மாறும். வயது ஏறினால் மாறும். இப்போதோ ஒருவர் பேச்சைக் கேட்டு அதேபோலப் பேசும் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. தனியாகக் குரலை மட்டும் நம்பிப் பணப்பெட்டியைத் திறந்துவிடக் கூடாது.

விரலிலும் ஓர் ஆபத்து உண்டு. ரகசியச் சொல் திருடு போனால் வேறு சொல் வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் இருக்கும் ரேகை திருடு போனால்? வேறு விரலுக்கு எங்கே போவது? பத்துதானே இருக்கிறது!

நம் நாட்டில் 2010-ல் ஆதார் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பத்து விரல், இரண்டு கண், முகம் எல்லாம் பதிவாகின்றன. 2016-ல் அது 100 கோடிப் பேரைத் தாண்டியது. புதிதாக ஒருவர் வந்தால், இவர் வேறு பெயரில் முன்பே வந்தவரா என்று அத்தனை பேரோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இவர் யார் என்ற பழைய கேள்விதான். 1,024 அறை அலமாரி கோடிக்கணக்கில் பெருகிவிட்டது.

ரேஷன் கடைக் கருவி கேட்பது மற்ற கேள்வி. இவர்தானா அவர்? அது சுலபமான கேள்வி என்று முன்பு பார்த்தோம். நெய்யூர்ப் பக்கத்தில் அது அவ்வளவு சுலபமல்ல!

குமரி மாவட்டத்தில் அண்டி ஆபீஸ்கள் நிறைய உண்டு. அங்கே முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் பெண்கள். கொட்டையின் ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் எரிக்கும். நாள்தோறும் பட்டால் விரல் நுனி உரிந்து ரேகை அழியும். கயிறு திரிக்கும் பெண்களுக்கும் விரல் தேயும். பனையேறிக் காய்ப்புக் காய்த்த கைகளிலும், வயதாகித் தோல் வறண்ட கைகளிலும் கோடு மங்கிப்போகும். விரலை ஓய்வாக வைத்திருந்தால் ரேகை மறுபடி முளைக்கும். ஆனால் கூலிக்குப் போகிறவர் விரலுக்கு ஓய்வு எங்கே கொடுப்பார்?

ஹக்கின் அலமாரியில் இருந்தவை ஜெயிலில் எடுத்த ரேகைகள். மை தடவி, நிதானமாக, பத்து விரலையும் உருட்டி எடுத்தவை. ஒரு விரல் சரியில்லை என்றால் மற்ற ஒன்பது இருக்கும். ரேஷன் கடையில் அந்த நிதானத்துக்கு இடம் ஏது? பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள்.

ஆகவே வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள். ஒரு விரல் விழாவிட்டால் அடுத்த விரலை வைக்கலாம். கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லலாம். பல கடைகளுக்குக் கருவிழியைப் படிக்கும் கருவியும் வந்துவிட்டது. அண்டி எண்ணெய் அங்கே போய்ப் படாது.

வரிசையில் அடுத்த பாட்டி வருகிறார். முப்பது வருஷம் அண்டி உடைத்தவர். பெருவிரலை வைக்கிறார். விழவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலை வைக்கிறார். விழவில்லை. கடைக்காரர் கருவியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இமைக்காமல் பார்க்கிறார்.